டபுள் கிளிக் வரை உங்கள் பொறுப்பு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் அறை. இன்வாய்ஸ்களைப் படித்து எக்செல் ஷீட்டில் போட்டுத் தரும் பைத்தான் புரோகிராம் ஒன்றை எழுதிய பையன் டெமோ கொடுக்க வந்திருந்தான். நான் கூடப் போயிருந்தேன். அவனுடைய லேப்டாப்பில் பிரமாதமாக ஓடியது. "சரி தம்பி, நம்ம சிஸ்டத்துல போட்டுக் காட்டுங்க" என்றார் அக்கவுன்டன்ட். பையன் அவருடைய கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து 'பைத்தான்' என்று தட்டினான். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்தது.

2019-இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்தே அப்படித்தான். பைத்தான் இல்லாத மெஷினில் அந்தச் சொல்லைத் தட்டினால் நேரே ஸ்டோருக்குக் கூட்டிப்போய்விடும். பையனுக்கு அது தெரியாது. பிறகு ஒரு மணி நேரம் கூத்து: பைத்தானை இறக்கி இன்ஸ்டால், 'பாத்'தில் சேர்க்கும் சின்னக் கட்டத்தில் டிக் போட மறந்ததால் மறுபடி இன்ஸ்டால், அப்புறம் லைப்ரரிகள், நடுவே நெட் ஸ்லோ. அக்கவுன்டன்ட் டீ குடிக்கப் போனவர் திரும்பி வரவே இல்லை. ஆர்டரும் வரவில்லை.

அந்தப் பையனின் கோடில் ஒரு குறையும் இல்லை. நல்ல கோட் எழுதுகிறவர்கள் எந்த டீமிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். அதை முன்பின் தெரியாத ஒருவரின் விண்டோஸ் மெஷினில் டபுள் கிளிக்கில் ஓடவைக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே அதிகம். பேக்கேஜிங் என்றாலே எல்லோரும் முகம் சுளிப்பார்கள், மேனேஜர் "யார் பார்க்கிறீங்க?" என்று கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்வார்கள். நீங்கள் கையைத் தூக்குங்கள். கிளையன்ட்டின் கண்ணில் படும் முதல் விஷயம் இன்ஸ்டாலர்தான். அதைச் செய்தவர் பெயர்தான் மீட்டிங்கில் அடிபடும். எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

1. டூலைத் தேர்ந்தெடுக்கும் முன், ஆளைத் தேர்ந்தெடுங்கள்

"பைஇன்ஸ்டாலர் நல்லதா, நியூட்கா நல்லதா?" இந்தக் கேள்வியோடு வருகிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: டபுள் கிளிக் செய்யப்போவது யார்? உங்கள் டீமிலேயே இருக்கும் இன்னொரு டெவலப்பரா? பில்லிங் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியரா? ஆயிரம் மெஷின்களை ஓரிடத்திலிருந்து மேய்க்கும் ஐ.டி. அட்மினா? இணையத்தில் எங்கிருந்தோ வந்து இறக்கிக்கொள்ளும் முகம் தெரியாத ஆளா? நாலுக்கும் நாலு பதில். இதைத் தீர்மானிக்காமல் டூலை எடுத்தவர்கள் ஆறு மாதம் கழித்து எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கேள்வியும் உண்டு, யாரும் கேட்பதில்லை. ஓடவில்லை என்றால் போன் யாருக்கு வரும்? உங்களுக்கு என்றால், இந்தக் கட்டுரையை மெதுவாகப் படியுங்கள்.

2. டெவலப்பருக்கு ஈ.எக்ஸ்.ஈ. கொடுக்காதீர்கள்

சக டெவலப்பருக்கு வேண்டியது சரியான வீல் ஃபைலும் ஒழுங்காக எழுதிய பைபுராஜெக்ட் டாமல் ஃபைலும்தான். பை.பி.ஐ.-யிலோ கம்பெனியின் உள் சர்வரிலோ ஏற்றிவிடுங்கள். கமாண்ட் லைன் டூல் என்றால் பிப்எக்ஸ் வழியாகவோ, 2024 பிப்ரவரியில் வெளிவந்து இன்று எல்லோர் வாயிலும் அடிபடும் யூவி வழியாகவோ ஒரே வரியில் போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு டூலும் தனித்தனிச் சூழலில் உட்காரும், ஒன்றின் லைப்ரரி இன்னொன்றின் காலை வாராது. யூவி இருந்தால் பைத்தானையே அது இறக்கிக்கொள்ளும். இந்த இடத்தில் இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

ஆனால் இதே வழியை ஆபீஸ் ஊழியரிடம் கொண்டுபோய் "முதல்ல பைத்தான் போட்டுக்குங்க, அப்புறம் இந்த கமாண்டை அடிங்க" என்று நான்கு பக்க பி.டி.எஃப். கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த பி.டி.எஃப். இன்று சரியாக இருந்தாலும் நாளை இருக்காது. விண்டோஸுக்கான பைத்தானே தன் பழைய இன்ஸ்டாலரை விட்டுப் புதிய இன்ஸ்டால் மேனேஜருக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்தவர் வீட்டு வாசற்படியை நம்பி நீங்கள் வழி எழுதாதீர்கள்.

அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். கமாண்ட் லைன் டூலே இதற்கு நல்ல சாட்சி. அதைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாம் டெக்னிக்கல் ஆட்கள்தான். ஆனாலும் 2020-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, பைத்தானை உள்ளேயே வைத்துக் கட்டி, விண்டோஸுக்கு எம்.எஸ்.ஐ. இன்ஸ்டாலராகக் கொடுத்துவிட்டார்கள். பயன்படுத்துகிறவரின் மெஷினில் எந்த பைத்தான் இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்ற கவலையே இல்லை.

3. ஆபீஸ் ஊழியருக்கு: பைஇன்ஸ்டாலர், ஆனால் ஃபோல்டராக

நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இதுதான் நிலைமை. அதனால் இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேசுவோம்.

பைஇன்ஸ்டாலர் உங்கள் கோடை மெஷின் மொழிக்கு மாற்றுவதில்லை. பைத்தான் இன்டர்பிரெட்டர், உங்கள் கோட், தேவைப்படும் லைப்ரரிகள், டி.எல்.எல். ஃபைல்கள், எல்லாவற்றையும் ஒரே கட்டுச்சோறாகக் கட்டித் தருகிறது. கட்டுவதில் இரண்டு வகை. ஒன்ஃபைல் என்றால் ஒரே ஈ.எக்ஸ்.ஈ. ஒன்டிர் என்றால் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஈ.எக்ஸ்.ஈ.-யும் மற்றவையும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒன்ஃபைலில்தான் விழுவார்கள். பார்க்க அழகு, அனுப்பச் சுலபம். உள்ளே நடப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு முறை கிளிக் செய்யும்போதும் அந்த ஈ.எக்ஸ்.ஈ. தன்னையே டெம்ப் ஃபோல்டரில் அவிழ்த்துக் கொட்டுகிறது, பிறகுதான் ஓட ஆரம்பிக்கிறது, மூடும்போது துடைத்துவிட்டுப் போகிறது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினில், பாண்டாஸும் பைசைடும் சேர்ந்த புரோகிராம் என்றால், முதல் திரை வருவதற்குள் ஊழியர் இன்னும் மூன்று முறை டபுள் கிளிக் செய்திருப்பார். நாலு காப்பி ஓடும். போன் உங்களுக்கு. அதோடு, டெம்ப் ஃபோல்டரில் தன்னை அவிழ்த்துக்கொண்டு ஓடும் புரோகிராம் என்றால் ஆன்டிவைரஸுக்குச் சந்தேகம் வருவது இயல்பு. வைரஸ்களும் அதைத்தானே செய்கின்றன.

என் தீர்ப்பு: ஃபோல்டராகக் கட்டுங்கள், அந்த ஃபோல்டரை இன்ஸ்டாலருக்குள் வையுங்கள். பயனருக்குத் தெரியப்போவது டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான் மட்டும்தான். உள்ளே ஒரு ஃபைலா முந்நூறு ஃபைலா என்று அவர் எண்ணப்போவதில்லை. ஒன்ஃபைல், நாலு பேர் பயன்படுத்தும் சின்ன கமாண்ட் லைன் டூலுக்குப் போதும்.

கட்டும்போது காலைத் தடுக்கும் கற்கள் சில உண்டு. கட்டுவதற்கென்றே சுத்தமான ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி, தேவையான லைப்ரரிகளை மட்டும் அதில் போடுங்கள். நாலு வருடமாக எல்லாவற்றையும் கொட்டிவைத்த அனகோண்டாவிலிருந்து கட்டினால், சம்பந்தமில்லாததெல்லாம் சேர்ந்து கட்டு யானையாகிவிடும். ஓடும்போது பெயரைப் பார்த்து இம்போர்ட் ஆகும் லைப்ரரிகளைப் பைஇன்ஸ்டாலர் தானாகக் கண்டுபிடிக்காது. ஹிட்டன் இம்போர்ட் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஐகான், டெம்ப்ளேட், ஃபான்ட் போன்றவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கோடில் அவற்றின் இடத்தை 'இப்போது நிற்கும் ஃபோல்டர்' என்று நம்பி எழுதாமல், புரோகிராம் ஃபைல் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து கணக்கிடுங்கள். ஷார்ட்கட்டிலிருந்து ஓடும்போது நிற்கும் ஃபோல்டர் எதுவாகவும் இருக்கலாம்.

கன்சோலை மறைத்தால் கறுப்புத் திரை வராது, நல்லது. ஆனால் பிழைச் செய்தியும் சேர்ந்து மறைந்துபோகும். அதனால் முதல் நாளே லாக் ஃபைல் எழுதப் பழகுங்கள். "ஒண்ணுமே வரலை சார்" என்று போனில் சொல்கிறவரிடம், "அந்த லாக் ஃபைலை அனுப்புங்க" என்று சொல்ல முடிகிறவர் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போவார்.

மல்டிபிராசஸிங் பயன்படுத்துகிறவர்களுக்கு என் சொந்த அவமானம் ஒன்று. ஒரு ரிப்போர்ட் டூலைக் கட்டி கிளையன்ட் முன்னால் டபுள் கிளிக் செய்தேன். ஒரு விண்டோ வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நாலு, எட்டு என்று கோழிப்பண்ணையில் குஞ்சு பொரிப்பது போல வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பவர் பட்டனை அமுக்கித்தான் நிறுத்தினோம். விண்டோஸில் புதிய பிராசஸ் ஒவ்வொன்றும் அதே ஈ.எக்ஸ்.ஈ.-யை மறுபடி ஓட்டித்தான் பிறக்கிறது. பைத்தானிலேயே இருக்கும் ஃப்ரீஸ் சப்போர்ட் என்ற ஒரே ஒரு அழைப்பை மெயின் பகுதியின் முதல் வரியில் போட்டிருந்தால் அது நடந்திருக்காது. ஒரு வரி.

கடைசியாக, விண்டோஸ் புரோகிராமை விண்டோஸில்தான் கட்ட முடியும். மேக்கிலோ லினக்ஸிலோ உட்கார்ந்துகொண்டு பைஇன்ஸ்டாலரால் விண்டோஸ் ஈ.எக்ஸ்.ஈ. செய்ய முடியாது. கையில் விண்டோஸ் மெஷின் இல்லையென்றால் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் விண்டோஸ் ரன்னர் இருக்கிறது, அதில் கட்டுங்கள்.

4. நியூட்கா எப்போது?

நியூட்கா வேறு ஜாதி. உங்கள் பைத்தான் கோடை சி மொழிக்கு மாற்றி, சி கம்பைலர் வழியாக உண்மையான மெஷின் கோடாக்குகிறது. கட்ட நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். சில புரோகிராம்கள் வேகமாக ஓடும், பல அப்படியே இருக்கும்.

பெரும்பாலோர் இதை நாடுவது வேகத்துக்காக இல்லை, "சோர்ஸ் கோடை எவனும் திருடக் கூடாது" என்ற பயத்தால். அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. பைஇன்ஸ்டாலர் கட்டைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுக்க இலவசமாகவே டூல்கள் கிடைக்கின்றன, அதிலிருந்து கோடைப் பெருமளவு மீட்டுவிடலாம். நியூட்கா கட்டியதைப் பிரிப்பது அதைவிடக் கஷ்டம். ஆனாலும் ஏ.பி.ஐ. கீயையோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டையோ இரண்டிலும் உள்ளே வைக்காதீர்கள். வெளியே போன ஈ.எக்ஸ்.ஈ. ஊர்ப் பொதுச் சொத்து என்று எண்ணிக்கொண்டு வேலை செய்யுங்கள். ரகசியம் சர்வரில் இருக்கட்டும்.

என் அனுபவத்தில், முதலில் பைஇன்ஸ்டாலரில் ஓடவைத்துவிட்டு, தேவை வந்தால் மட்டும் நியூட்காவுக்குப் போவது நல்லது. முதல் டெலிவரிக்கே நியூட்கா என்று நின்றவர்கள் டெட்லைனைத் தவறவிட்டதுதான் அதிகம்.

5. ஜிப் அனுப்பாதீர்கள், இன்ஸ்டாலர் கொடுங்கள்

ஃபோல்டரை ஜிப் செய்து அனுப்பினால் என்ன ஆகும் தெரியுமா? ஜிப்பைப் பிரிக்காமலே அதற்குள்ளிருக்கும் ஈ.எக்ஸ்.ஈ.-யைக் கிளிக் செய்வார்கள். ஓடாது. அல்லது ஈ.எக்ஸ்.ஈ.-யை மட்டும் இழுத்து டெஸ்க்டாப்பில் போடுவார்கள். அதுவும் ஓடாது. அவர்கள் மேல் தப்பில்லை. ஜிமெயிலில் அனுப்பலாம் என்றால், அது ஈ.எக்ஸ்.ஈ.-யை ஜிப்பில் ஒளித்துவைத்தாலும் கண்டுபிடித்துத் தடுத்துவிடும்.

1997 முதல் இருக்கும் இன்னோ செட்டப் போதும். ஒரு ஸ்கிரிப்ட் ஃபைல் எழுதினால் ஸ்டார்ட் மெனு, ஐகான், அன்இன்ஸ்டால் எல்லாம் வந்துவிடும். வின்ஆம்ப் பாட்டு பிளேயரைச் செய்தவர்கள் உருவாக்கிய என்.எஸ்.ஐ.எஸ். இன்னொரு வழி, அதன் ஸ்கிரிப்ட் மொழி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இன்னோவில் இரண்டு விஷயத்தை முதலிலேயே தீர்மானியுங்கள்.

ஒன்று, அட்மின் பாஸ்வேர்டு கேட்க வேண்டுமா? ஆபீஸ் மெஷினில் அட்மின் பாஸ்வேர்டு வைத்திருப்பவர் வாரத்துக்கு ஒருமுறை வரும் ஹார்டுவேர் ஆள். அவரை எதிர்பார்த்து உங்கள் சாஃப்ட்வேர் காத்திருக்கக் கூடாது. பயனரின் சொந்தக் கணக்குக்குள்ளேயே இன்ஸ்டால் ஆகும்படி அமைக்கலாம், பாஸ்வேர்டு கேட்காது. இரண்டு, ஆப் ஐ.டி. அதை ஒரு முறை உருவாக்கிவிட்டால் எந்தப் பதிப்பிலும் மாற்றாதீர்கள். மாற்றினால் புதிய பதிப்பு பழையதன் மேல் உட்காராமல் பக்கத்தில் தனியாக உட்காரும். கன்ட்ரோல் பேனலில் உங்கள் சாஃப்ட்வேர் இரட்டைப் பிள்ளையாக நிற்கும்.

டேட்டா எங்கே எழுதுகிறீர்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. டெவலப்பர் தன் மெஷினில் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரிலேயே செட்டிங்ஸ் ஃபைலை எழுதிப் பழகியிருப்பார். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இன்ஸ்டால் ஆனதும் சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது, புரோகிராம் விழும். பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டர்தான் அதற்கான இடம். பிளாட்ஃபார்ம்டிர்ஸ் என்ற சின்ன லைப்ரரி சரியான வழியைச் சொல்லிவிடும்.

6. பெரிய கம்பெனி என்றால் எம்.எஸ்.ஐ.

கார்ப்பரேட் ஐ.டி. அட்மின் உங்கள் இன்ஸ்டாலரின் அழகைப் பார்க்க மாட்டார். "எம்.எஸ்.ஐ. இருக்கா? சைலன்டா இன்ஸ்டால் ஆகுமா?" என்று கேட்பார். குரூப் பாலிசியிலோ இன்ட்யூனிலோ போட்டு ராத்திரியோடு ராத்திரியாக எல்லா மெஷினிலும் இறக்க வேண்டும் அவருக்கு. ஈ.எக்ஸ்.ஈ. இன்ஸ்டாலரையும் சைலன்டாக ஓட்டலாம்தான், ஆனால் எம்.எஸ்.ஐ. என்றால் அவர் முகம் மலரும். சி.எக்ஸ். ஃப்ரீஸ் நேரடியாகவே எம்.எஸ்.ஐ. செய்து தருகிறது. பீவேர் குழுவின் பிரீஃப்கேஸும் தருகிறது. மைக்ரோசாஃப்ட் 2004-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட விக்ஸ் டூல்செட்டை நேரடியாகவும் கையாளலாம், அதைக் கற்க இரண்டு வாரம் ஒதுக்குங்கள். மின்நூல்களுக்கான காலிபர் பெருமளவு பைத்தானில் எழுதப்பட்டதுதான், விண்டோஸுக்கு எம்.எஸ்.ஐ.-யாகவே வருகிறது, அதைப் பயன்படுத்தும் வாசகர்களில் பலருக்கு உள்ளே பைத்தான் ஓடுவதே தெரியாது.

7. நீலத் திரை எச்சரிக்கை

இணையத்திலிருந்து இறக்கிய ஃபைலுக்கு விண்டோஸ் ஒரு அடையாளம் வைக்கிறது. கையெழுத்து இல்லாத, அதிகம் பேர் இறக்காத ஈ.எக்ஸ்.ஈ. என்றால் ஸ்மார்ட்ஸ்கிரீன் குறுக்கே நின்று, 'உங்கள் கம்ப்யூட்டரைக் காப்பாற்றினோம்' என்கிற ரீதியில் நீலமாக ஒரு பெட்டி காட்டும். பென் டிரைவில் கொடுத்தபோது வராத எச்சரிக்கை, டிரைவ் லிங்க்கில் கொடுத்ததும் வருவது இதனால்தான். "மோர் இன்ஃபோ அமுக்கி, ரன் எனிவே கொடுங்க சார்" என்று கிளையன்ட்டுக்குச் சொல்லித்தருவது உங்கள் கம்பெனியின் மானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்பது.

தீர்வு, கோட் சைனிங் சர்ட்டிஃபிகேட். வருடத்துக்குச் சில நூறு டாலர் ஆகும். 2023 ஜூன் 1 முதல் அதன் பிரைவேட் கீயை யூ.எஸ்.பி. டோக்கன் போன்ற ஹார்டுவேரில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பழையபடி ஒரு ஃபைலை கிட்ஹப்பில் வைத்துக் கையெழுத்திடும் வேலை நடக்காது. டோக்கன் ஒருவரின் மேஜை டிராயரில் இருக்கும், அவர் லீவு போட்டால் ரிலீஸ் நிற்கும். ஆட்டோமேட் செய்ய வேண்டுமானால் கிளவுடில் கையெழுத்திடும் சேவையைப் பேசும்போதே கேட்டு வாங்குங்கள். விலை கூடிய ஈ.வி. வகை எடுத்தால் ஸ்மார்ட்ஸ்கிரீன் உடனே வழிவிடும் என்று இன்னும் சிலர் விற்பார்கள், நம்பாதீர்கள்; அந்தச் சலுகையை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. எந்த வகையானாலும் நல்ல பெயர் பதிவிறக்கங்கள் சேரச் சேரத்தான் வரும். கையெழுத்திடும்போது டைம்ஸ்டாம்ப் சேர்க்க மறந்தால், சர்ட்டிஃபிகேட் காலாவதியாகும் அன்றே பழைய இன்ஸ்டாலர்களும் செல்லாக்காசாகும்.

பணம் கேட்டு மேனேஜரிடம் போகும்போது தொழில்நுட்பம் பேசாதீர்கள். அந்த நீலப் பெட்டியின் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மெயிலில் ஒட்டி, "கிளையன்ட் முதலில் பார்ப்பது இதை" என்று ஒரே வரி எழுதுங்கள். அப்ரூவல் வந்துவிடும்.

ஆன்டிவைரஸ் தனிக் கதை. பைஇன்ஸ்டாலரின் தொடக்கப் பகுதி எல்லோருடைய கட்டிலும் ஒன்றுதான், வைரஸ் எழுதுகிறவர்களும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். அதனால் உங்கள் அப்பாவிப் புரோகிராமும் மாட்டும். யு.பி.எக்ஸ். சுருக்கத்தை அணைத்துவிடுங்கள், ஒன்டிர் கட்டுங்கள், கையெழுத்திடுங்கள், வெளியிடும் முன் வைரஸ்டோட்டலில் போட்டுப் பாருங்கள். இதற்குப் பிறகும் மாட்டினால் அந்த ஆன்டிவைரஸ் கம்பெனிக்கே தவறான எச்சரிக்கை என்று அனுப்ப வழி இருக்கிறது. 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிக்கோங்க' என்று மட்டும் எந்தக் கிளையன்ட்டிடமும் சொல்லாதீர்கள். நாளை வேறு எதிலிருந்தோ வைரஸ் வந்தாலும் பழி உங்கள் தலையில்.

முகம் தெரியாத பொதுமக்களுக்கு என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஒரு குறுக்கு வழி. எம்.எஸ்.ஐ.எக்ஸ். ஆகக் கட்டி அங்கே கொடுத்தால் ஸ்டோரே கையெழுத்திட்டுவிடும். டெக்னிக்கல் ஆட்களுக்கு 2021-இல் முழுமை பெற்ற வின்கெட்டிலும் சேர்த்துவிடுங்கள். கிட்ஹப்பில் ஒரு சின்ன மேனிஃபெஸ்ட் ஃபைல் அனுப்பினால் போதும்.

8. சுத்தமான மெஷினில் ஓட்டாமல் அனுப்பாதீர்கள்

உங்கள் மெஷினில் பைத்தான் இருக்கிறது, எல்லா லைப்ரரியும் இருக்கிறது, விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைமும் இருக்கிறது. அங்கே ஓடியது எதையும் நிரூபிக்காது. விண்டோஸ் புரோ பதிப்பு இருந்தால் விண்டோஸ் சாண்ட்பாக்ஸை ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் புத்தம் புதிய விண்டோஸ் திறக்கும், மூடினால் எல்லாம் அழிந்துவிடும். அதில் இன்ஸ்டால் செய்து, ஓட்டி, அன்இன்ஸ்டால் செய்து பாருங்கள்.

நம் ஊரில் கூடுதலாக இரண்டு டெஸ்ட் அவசியம். யூசர் பெயரே தமிழில் இருக்கும் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் ஓட்டுங்கள். 'செல்வி' என்ற ஃபோல்டருக்குள் 'மார்ச் கணக்கு' என்ற ஃபைலைத் திறக்கச் சொல்லுங்கள். பாதிப் புரோகிராம்கள் இங்கே கவிழும். என்கோடிங் சொல்லாமல் ஃபைலைத் திறந்தால் பைத்தான் விண்டோஸின் பழைய கோட் பேஜை எடுத்துக்கொள்ளும், தமிழ் எழுத்துகள் பூச்சி பூச்சியாக வரும். யூ.டி.எஃப்-8 என்று ஒவ்வொரு இடத்திலும் எழுதுங்கள். பைத்தான் 3.15-இல் அதுவே இயல்பாக வருகிறது, ஆனால் உங்கள் கிளையன்ட் அதுவரை காத்திருக்க மாட்டார்.

இரண்டாவது டெஸ்ட், பழைய விண்டோஸ். ரைஸ் மில்லிலும் எடைமேடையிலும் விண்டோஸ் 7 இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் ஓடும் கடைசி பைத்தான் 3.8. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன. புதிய பைத்தானில் கட்டிய ஈ.எக்ஸ்.ஈ. அங்கே ஏதோ ஒரு டி.எல்.எல். இல்லை என்று புலம்பிவிட்டு நிற்கும். ஆர்டர் எடுக்கும்போதே "உங்க சிஸ்டம் எந்த விண்டோஸ்? 32 பிட்டா, 64 பிட்டா?" என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு பின்னால் உதவாது.

9. லைசென்ஸ், படிக்காமல் விடாதீர்கள்

பைக்யூட்டில் அழகாகத் திரை வரைந்து, குளோஸ்டு சோர்ஸாக விற்கப்போகிறீர்களா? பைக்யூட் ஜி.பி.எல். அல்லது காசு கொடுத்து வாங்கும் கமர்ஷியல் லைசென்ஸ். நடுவில் வழி இல்லை. பைசைடு எல்.ஜி.பி.எல்., அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு விற்கலாம். அங்கேயும் லைப்ரரி ஃபைல்கள் தனித்தனியாகத் தெரியும் ஃபோல்டர் கட்டுதான் வசதி. இதைப் ப்ராஜெக்டின் முதல் நாள் மீட்டிங்கில் சொன்ன ஜூனியரை அந்த அறையில் இருந்த யாரும் மறக்கவில்லை. டெலிவரிக்கு முந்தின நாள் சொல்லியிருந்தால் வேறு விதத்தில் மறந்திருக்க மாட்டார்கள்.

10. ஒரு பட்டனில் கட்டுங்கள்

பேக்கேஜிங் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் நீங்கள் இல்லாமல் ரிலீஸ் நடக்காது. அதுதானே வேலைக்குப் பாதுகாப்பு என்று சிலர் நினைப்பார்கள். அப்படி நினைத்த ஒருவர் தன் கல்யாண லீவில் மண்டபத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் ரிலீஸ் கட்டினார். அவருக்குப் பிரமோஷனும் தள்ளிப்போனது, "இவரை இங்கிருந்து எடுத்தால் யார் பார்ப்பது?" என்று. எழுதி வையுங்கள், ஆட்டோமேட் செய்யுங்கள், இன்னொருவருக்குக் கற்றுக்கொடுங்கள். டேக் போட்டால் ரன்னர் தானாகக் கட்டி, வெர்ஷன் எண்ணை ஈ.எக்ஸ்.ஈ.-யின் பிராப்பர்ட்டீஸிலும் எழுதி, இன்ஸ்டாலரை வெளியே தள்ள வேண்டும். பைத்தானிலிருந்து லைப்ரரிகள் வரை எல்லாவற்றின் பதிப்பு எண்ணும் பூட்டியிருக்க வேண்டும்.

11. இதை எப்படி விற்பது

ரெஸ்யூமேயில் 'பைத்தான், ஜாங்கோ, பாண்டாஸ்' என்று எழுதியவர்கள் நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் இப்படி எழுதுங்கள்: 'பைத்தான் இல்லாத விண்டோஸ் மெஷின்களில் இயங்கும் கையெழுத்திட்ட இன்ஸ்டாலரை வடிவமைத்து, கட்டுவதை முழுக்க ஆட்டோமேட் செய்தேன்.' அதற்குப் பக்கத்தில் உண்மையான எண்களைப் போடுங்கள். எத்தனை மெஷின், இன்ஸ்டாலர் எவ்வளவு எம்.பி.-யிலிருந்து எவ்வளவுக்கு இறங்கியது, சப்போர்ட் கால்கள் வாரத்துக்கு எத்தனை குறைந்தன. இதை இன்றிலிருந்தே ஒரு ஷீட்டில் குறித்துவையுங்கள், அப்ரைசல் நேரத்தில் ஞாபகசக்தியை நம்பாதீர்கள்.

நான் இன்டர்வியூ எடுக்கும்போது ஒரே கேள்விதான் கேட்பேன்: "உங்க புரோகிராமை எங்க ரிசப்ஷனிஸ்ட் கம்ப்யூட்டர்ல எப்படிப் போடுவீங்க?" உடனே டூல் பெயர்களை அடுக்குகிறவரைவிட, "அவங்களுக்கு அட்மின் அனுமதி இருக்கா சார்?" என்று திருப்பிக் கேட்கிறவர் மேல் எனக்கு மரியாதை வரும். அடுத்த கேள்விகள் அவருக்கு எளிதாகவே இருக்கும்.

இந்த வாரமே ஆரம்பியுங்கள். பழைய ப்ராஜெக்ட் ஒன்றை எடுத்துக் கட்டி, இன்ஸ்டாலராக்கி, பைத்தான் என்றால் மலைப்பாம்பு என்று நினைக்கும் ஒரு மாமாவிடமோ சித்தியிடமோ லிங்க் அனுப்புங்கள். அவர் இன்ஸ்டால் செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள், மவுஸைத் தொடாதீர்கள். அவர் எங்கெல்லாம் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வேலை அந்தத் தாளில் இருக்கிறது.